கதைத்துக்கொண்டே கடல் வரை

போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்குச் சற்று முன், லண்டனுக்குத் தெற்கே சறே பக்கத்துக் காட்டு மேடு ஒன்றில் செல்வம் பேச்சை நிறுத்திவிட்டான்.

அவனைத் தெரிந்தவர்கள் இந்த ஒரு வரியிலேயே கலங்கியிருப்பார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செல்வம் எனக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். லண்டன் ஆர்ச்வேயில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். பெற்றோல் ஸ்டேஷனில் மனேஜர். பல்லுப் பிடுங்கும் கதிரையில் இருந்தபடியே டென்டிஸ்டுக்குக் கிரிக்கெட் விளங்கப்படுத்தியவன். அப்படிப்பட்ட மனிதன் சைக்கிள் ஹாண்டிலில் இரண்டு கையையும் ஊன்றி, நிலத்தைப் பார்த்தபடி, வாய் திறக்காமல் நிற்கிறான்.

பயப்படாமல் என்ன செய்வது?

அதுவும் டொக்டர் அவனுக்குக் கொடுத்த விதி ஒன்றே ஒன்றுதான். கதைக்க முடிகிறவரை சைக்கிள் ஓடலாம். கதைக்க முடியாவிட்டால் உடனே நிற்க வேண்டும்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் விளங்கும்.

போன வின்டரில் செல்வத்துக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. சின்னதுதான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வீட்டுக்கு வந்தான். மாத்திரை, நடை, உப்புக் குறைந்த சாப்பாடு. ஈஸ்டருக்குப் பிறகு எங்கள் தெருமுனைக் கிளினிக்கில் இருக்கும் உயரமான பெண் டொக்டர், இனி வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். உடம்பு சுகம்.

வீடுதான் சுகப்படவில்லை.

நம்மவர்கள் நோயாளி வீட்டுக்கு வருத்தம் பார்க்க வருவதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு தரம் வந்து பார்த்தால் போதும் என்று விடுகிற ஆட்களா நாம்? மனோர் பார்க்கிலிருந்து வந்தார்கள், இல்ஃபோர்டிலிருந்து வந்தார்கள், ஹைகேட் முருகனைக் கும்பிட வந்தவர்கள் கையோடு இவனையும் பார்த்துவிட்டுப் போனார்கள். திராட்சைப்பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். கூடவே ஆளுக்கொரு கதையும் கொண்டுவந்தார்கள்.

"ஈஸ்ற்ஹாமிலை ஒருத்தர். இதே வருத்தம்தான். நல்லாய்த்தான் இருந்தவர். இரவு புட்டுச் சாப்பிட்டு, ரீவியும் பாத்திட்டுப் படுத்தவர்… விடிய எழும்பேல்லை."

சொல்லிவிட்டு, செல்வத்தின் பக்கம் திரும்பி, "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்பார்கள். பிறகு தேநீர் குடிப்பார்கள்.

செல்வம் யோசிக்கவில்லை. யோசித்தது அவன் மனைவி மனோ. ஒவ்வொருவரும் வந்துபோன பிறகு அவனுக்கு ஒரு புதுத் தடை விழுந்தது. மாடிப்படி வேண்டாம் — கட்டில் கீழே முன் அறைக்கு வந்தது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில் தூக்க வேண்டாம். குப்பை வாளியை வெளியே இழுக்க வேண்டாம். வேலையா? அந்தக் கதையே வேண்டாம். சம்மர் தொடங்கியபோது செல்வத்துக்கு லண்டனில் ஒரு நிரந்தர உத்தியோகம் கிடைத்திருந்தது: நோயாளி.

இந்த உத்தியோகத்தை எப்படி ராஜினாமா செய்வது?

சமதரையாகப் பார்த்து சைக்கிள் ஓடுவது நெஞ்சுக்கு நல்லது என்று டொக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். செல்வம் அதைப் பிடித்துக்கொண்டான். ஹைகேட்டிலிருந்து ஃபின்ஸ்பரி பார்க் வரை ஒரு பழைய ரயில் பாதை இருப்பது ஆர்ச்வேக்காரருக்குத் தெரியும். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, அதை நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் முட்பற்றை. நடுவில் ஒரு ஸ்டேஷனின் பிளாட்ஃபோம் மட்டும் மிச்சம். மாலையில் அங்கே போவோம். அந்தப் பிளாட்ஃபோம் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இருந்துகொண்டு, வராத ரயிலைப் பற்றி செல்வம் பிரசங்கம் செய்வான்.

"பாத்தியே மச்சான்? ரெயில் ஓடின பாதையெண்டா மேடு பள்ளம் இராது. ரெயில் மலை ஏறாது. எங்களுக்கெண்டே வெட்டி வைச்சிருக்கிறாங்கள்."

எனக்கும் அது முற்றிலும் சரியாகப் பட்டது. பட்டதில் அதிசயமில்லை. யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. பாலம்தான் எங்களுக்கு ஏற்றம். அந்தத் தரையில் சைக்கிள் பழகியவனுக்கு கியர் என்பது கடைக்காரன் அழகுக்குப் பூட்டிவிட்ட நகை. செல்வத்தின் செகண்ட்ஹாண்ட் சைக்கிளில் பத்துக் கியர் இருந்தது. ஒன்றில் போட்டுவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விட்டிருந்தான். நானும் அப்படித்தான்.

பிறகு லைப்ரரியில் ஒரு வரைபடம் கண்ணில் பட்டது. கில்ட்ஃபோர்டுக்குப் பக்கத்திலிருந்து தெற்கே ஷோர்ஹாம் கடற்கரை வரை, அறுபதுகளில் மூடிய ஒரு ரயில் பாதை. முப்பது மைலுக்கு மேல். இப்போது முழுவதும் சைக்கிள் போகலாம். செல்வம் அதைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

ஒப்பந்தம் அவர்கள் குசினியில் நடந்தது. நானும் இருந்தேன்.

"இஞ்சை பாரும்" என்றான் மனோவிடம். "ஒரு நாள். கடல் மட்டும் ஓடிக் காட்டுறன். போய்ச் சேர்ந்தா நான் வேலைக்குப் போறன், நீர் மறிக்கக்கூடாது. நடுவழியிலை ஏலாமல் கார் ஏறினன் எண்டா, நீர் சொல்லுற மாதிரி வீட்டோடை இருக்கிறன். வாய் திறக்கமாட்டன்."

மனோ அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அண்ணை, நீங்களுமோ இதுக்கு?"

"நான் சாட்சி மட்டும்தான்" என்றேன். பத்திரிகைக்காரன் எங்கும் தப்பிக்கொள்கிற வழி அது.

மனோ அடுப்பை அணைத்தார். துணியால் கை துடைத்தார். "சரி. ஆனா நானும் வருவன். காரிலை."

"ரெயில் பாதையிலை கார் விடமாட்டாங்கள்."

"ரெயில் பாதையிலை ஸ்ரேசன் இருக்கும்தானே? ஸ்ரேசனுக்கு ரோட்டு இருக்கும்தானே?"

செல்வம் வரைபடத்தை மடித்து வைத்தான்.

அப்படித்தான் போன ஞாயிறு விடியப் புறப்பட்டோம். பின்பக்கம் நீண்ட பழைய எஸ்டேட் கார். முன் சில்லுகளைக் கழற்றி இரண்டு சைக்கிளையும் பின்னால் அடுக்கினோம். பிராம்லி என்ற ஊரில், புல் முளைத்த ஒரு பிளாட்ஃபோமின் பக்கத்தில், மனோ எங்களை இறக்கிவிட்டார். "கதைச்சுக்கொண்டு போங்கோ" என்றார். செல்வத்துக்கு அவர் அப்படியொரு கட்டளை கொடுத்தது கல்யாணம் செய்த நாள் முதல் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கதைத்தான். கடவுளே, எப்படிக் கதைத்தான்! இங்கிலாந்தின் பந்துவீச்சு, பக்கத்து வீட்டுக்காரனின் வேலி, கோயிலில் பிரசாதத்துக்கு இடித்துக்கொண்டு நிற்பவர்கள், நான் இந்தப் பக்கத்தில் எழுதியவற்றில் அவனுக்குப் பிடிக்காதவை… கடைசியாகச் சொன்னதுதான் நீளம். மரங்கள் மேலே கூடி நின்றன. பாதை கோடு கிழித்த மாதிரி நேராகக் கிடந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. ரயில்காரனை நான் மனதுக்குள் வாழ்த்தினேன்.

கிரான்லியில் மனோ நின்றார். கையில் ஃபிளாஸ்க். ரயில் ஓடிய காலத்தில்கூட அந்த இடத்தில் யாரும் இவ்வளவு ஒழுங்காகக் காத்து நின்றிருக்க மாட்டார்கள். சூப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, காரின் பின்கதவைத் திறந்து விட்டார். கதவு அகலத் திறந்து கிடந்தது.

செல்வம் ஒரு காலை நிலத்தில் ஊன்றி, சைக்கிளை விட்டு இறங்காமல் சூப் குடித்தான்.

"இதிலை இருந்து குடியுங்கோவன்."

"இருந்தா ஏறினதாய்ப் போயிடும்."

"ஆர் சொன்னது?"

"சாட்சியைக் கேளும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சூப்பைப் பார்த்தேன்.

பேனர்ட்ஸிலும் அதே மனோ, அதே ஃபிளாஸ்க், அதே கதவு. அங்கிருந்து அடுத்த ஸ்டேஷன் ரட்ஜ்விக். நடுவில் ஒரு சுரங்கம் என்று வரைபடத்தில் இருந்தது. எங்களுக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. சுரங்கம் என்றால் சமதரை. குளிர்ச்சியாகவும் இருக்கும்.

சுரங்கம் அடைத்திருந்தது.

மண்ணும் கல்லும் போட்டு, மேலே பற்றை வளரவிட்டு, இனித் திறக்கும் எண்ணமே இல்லாத விதமாக அடைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஒரு அம்புக்குறி. அது காட்டிய திசை: மேலே.

ரயில் மலை ஏறாது என்பது உண்மைதான். அது மலைக்குள்ளால் போய்விடும். துளையை மூடிவிட்டால் பின்னால் வருகிறவன் மலைக்கு மேலால்தான் போக வேண்டும். இந்தச் சின்ன விசயம், மலையே இல்லாத ஊரில் பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கு, இத்தனை வாரமாக வரைபடத்தை விரித்துப் பார்த்தும் தோன்றவில்லை. வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி வந்து நின்றிருப்பானா?

"திரும்புவமே?" என்றேன். "மனோ இன்னும் அங்கைதான் நிப்பா."

"ஓம், நிப்பா" என்றான். "கதவும் திறந்து கிடக்கும்."

சைக்கிளைத் திருப்பி மேட்டைப் பார்த்து நிறுத்தினான். தொட்டறியாத கியரை அப்போதும் தொடவில்லை. எழும்பி நின்று மிதித்தான். பெரிய பாதையல்ல, வேரும் சகதியுமாக மரங்களுக்குள் ஏறுகிற ஒற்றையடித் தடம். முதல் வளைவு வரை இங்கிலாந்தின் பந்துவீச்சு தொடர்ந்தது. பிறகு வசனம் சொற்களாக உடைந்தது. "உந்த… புதுப் பொடியன்… லெக்… ஸ்பின்…" சொல்லுக்குச் சொல் இடைவெளி கூடியது. முன் சில்லு இரண்டு பக்கமும் ஆடியது. கால் ஊன்றினான்.

பிறகு ஒன்றும் இல்லை.

முதல் வரியில் நான் சொன்ன இடம் இதுதான்.

நான் அவன் முதுகைப் பார்த்தபடி கீழே நின்றேன். ஷேர்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ரோட்டுச் சத்தம்கூடக் கேட்காத காடு. ஃபோன் பெட்டி எந்தத் திசையில் இருக்கும் என்று யோசித்தேன். மனோவிடம் போய் எப்படிச் சொல்வது என்றும் யோசித்தேன். மறைக்கவில்லை, அதைத்தான் கூடுதலாக யோசித்தேன்.

"மச்சான், ஏதாவது சொல்லு."

பதில் இல்லை.

"நெஞ்சு நோகுதோ?"

ஒரு கையைத் தூக்கி ஆட்டினான். இல்லை என்றா? பொறு என்றா?

"டேய்!"

"கத்தாதை" என்றான். "கதைக்க ஏலும். கதைக்கிறதுக்கு ஒண்டும் வரேல்லை."

நான் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நெஞ்சு நல்லாயிருக்கு" என்றான். "கால்தான் கொழுக்கட்டை மாதிரிக் கிடக்கு."

"இறங்கித் தள்ளுவம்."

"தள்ளுறதோ? காத்துப் போனாத் தவிர நான் ஒருநாளும் சைக்கிள் தள்ளினதில்லை. ஆரும் பாத்தா?"

"ஆர் பாக்கிறது? அணிலோ? கார் ஏறாமல் கடலுக்குப் போறதுதானே பேச்சு. தள்ளக்கூடாதெண்டு எங்கை கிடக்கு?"

யோசித்தான். தலையைச் சொறிந்தான். இறங்கினான்.

விடாப்பிடி என்றால் என்னவென்று நான் வைத்திருந்த எண்ணம் அந்த மேட்டில் மாறியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பவனை நாம் மெச்சுவோம். இவன் பத்தடி தள்ளினான், நின்றான். மூச்சு ஆறியது, ஒரு வசனம் முழுதாகச் சொல்லிப் பார்த்தான். இன்னும் பத்தடி, நின்றான். அவசரம் இல்லை. கோபம் இல்லை. மாதக்கணக்காக முன் அறைக் கட்டிலில் கிடந்து தீர்மானித்த ஒன்றை, சுருதி மாறாமல் செய்துகொண்டிருந்தான். பார்ப்பதற்கு வீரமாக இல்லை. வயதானவர் கடைக்குப் போவதுபோல இருந்தது.

நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"உதைப் பேப்பரிலை எழுதப்போறாய், என்ன?"

"நீ சொன்னா எழுதேல்லை."

"எழுது. தள்ளிக்கொண்டுதான் ஏறினவன் எண்டும் எழுது. வருத்தம் பாக்க வாறவை வாசிக்கட்டும்."

எழுதிவிட்டேன்.

மேட்டின் மறுபக்கம் இறக்கம். இறக்கத்தில் செல்வம் என்னை விட்டுவிட்டுப் பறந்தான். ரட்ஜ்விக்கில் மனோ காருக்கு வெளியே, நடு வழியில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுரங்கம் அடைபட்டது பற்றி நாயோடு நடந்த யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரைந்து கதைத்துக்கொண்டு வந்த கணவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"மலைக்கு மேலாலையோ வந்தனீங்கள்?"

"வேறை ஆர் தூக்கிக்கொண்டு வந்தது?"

"ஓடியோ?"

"தள்ளி."

"தள்ளியோ? நீங்களோ!" மனோ சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வின்டருக்குப் பிறகு கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஃபிளாஸ்க் வெளியே வரவில்லை. காரின் கதவு சாத்தியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை என் பைக்குள் வைத்துவிட்டு, "வெயில் இன்னும் கூட முதல் போங்கோ" என்றார். நான் அதைக் கவனித்தேன். செல்வம் கவனிக்கவில்லை.

ஒரு பாலத்தின் தலையில் இன்னொரு பாலத்தை ஏற்றிவைத்த மாதிரி ஒரு விசித்திரமான இடத்தில், ஆற்றைப் பார்த்தபடி இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். சம்பலில் உப்பில்லை என்று செல்வம் அரை மணி நேரம் பேசினான்.

சவுத்வாட்டரில் மனோ இல்லை.

"பாத்தியே?" என்றான் செல்வம். "கைவிட்டிட்டா. நம்பிக்கை வந்திட்டுது." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடினான்.

பார்ட்ரிட்ஜ் கிரீனிலும் இல்லை. "வழி மாறியிருப்பா" என்றான்.

ஹென்ஃபீல்டிலும் இல்லை. செல்வம் ரோட்டில் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தான். ஒரு சிவப்பு ஃபோன் பெட்டிக்குள் போனான்; ரிசீவரைத் தூக்கினான்; திரும்ப வைத்தான்.

"ஆருக்கு எடுக்கிறது? வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"கடைசி இடத்திலை நிப்பா, மச்சான்."

"உந்தக் கார் பழசு. ரேடியேற்றர் ஒழுகுறது. அவவுக்கு மோட்டர்வே பழக்கமில்லை… நான் ஒரு விசரன். அவவை ஏன் தனியக் கார் ஓட விட்டனான்?"

சைக்கிளில் ஏறினான். நான் பார்க்க, முதல் தடவையாக, கியரை மாற்றினான். அது கரகரவென்று கத்திவிட்டு இடத்தில் விழுந்தது. பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. ஆறு ஒரு பக்கம், பச்சை மேடுகள் மறுபக்கம், முகத்துக்கு நேரே உப்புக்காற்று. அவன் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. "டேய், மெல்ல!" என்று கத்த நினைத்தேன். சத்தம் வரவில்லை. டொக்டரின் விதிப்படி பார்த்தால் நான்தான் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

ஷோர்ஹாமில் கடற்கரைக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம். எங்கள் எஸ்டேட் கார் ஓரமாக, நிழலில் நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது செல்வம் சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டுக் கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே மனோ. ட்ரைவர் சீற்றைப் பின்னால் சாய்த்து, செருப்பைக் கழற்றி, வாய் லேசாகத் திறந்தபடி, நல்ல நித்திரை.

செல்வம் கண்ணாடியைத் தட்டக் கையை எடுத்தான். எடுத்த கையை அப்படியே வைத்திருந்தான். பிறகு மெதுவாக இறக்கினான்.

கொஞ்ச நேரம் இருவரும் காருக்கு வெளியே சீமெந்துக் கட்டின் மேல் இருந்தோம். அவன் வியர்வையைத் துடைத்தான். அவன் முகத்தில் சிவப்பு இருந்தது, வலி இல்லை. ஒரு நாயின் குரைப்பில் மனோ எழும்பினார். எங்களைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கினார்.

"எப்ப வந்தனீங்கள்?"

"எப்ப வந்தனாங்களோ! நீர் எங்கை போனனீர்? ஒரு ஸ்ரேசனிலும் ஆளைக் காணேல்லை. நான் அங்கை பயந்து செத்துப்போனன்!"

"அந்த மலையிலை இருந்து நீங்கள் இறங்கி வந்ததைப் பாத்தன்" என்றார் மனோ. "அதுக்குப் பிறகு ஒவ்வொரு இடமாய் நிண்டு என்ன பாக்கிறது? எனக்கு நித்திரை வந்தது. வந்து படுத்திட்டன்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

"இவ்வளவு மாதமும் நான் பயந்தனான். ஒரு பின்னேரம் நீங்கள் பயந்தா என்ன குறைஞ்சு போகும்?"

செல்வம் தரையில் கிடந்த சைக்கிளை நிமிர்த்தினான்.

"இன்னும் கடல் வரேல்லை" என்றார் மனோ. "கடல் மட்டும் எண்டுதானே பேச்சு?"

பேச்சு என்றால் பேச்சுத்தான். கூழாங்கல்லுக் கரையில் செல்வம் சைக்கிளை இழுத்துக்கொண்டு இறங்கினான். ஒரு அலை வந்து முன் சில்லை நனைத்தது. அவன் திரும்பி மேலே பார்த்தான். மனோ தலையை ஒரு தரம் ஆட்டினார். அவ்வளவுதான். கைதட்டல் இல்லை, கண்ணீர் இல்லை.

நாங்கள் சைக்கிள்களைக் கழற்றி அடுக்கி முடித்தபோது, மனோ ட்ரைவர் சீற்றிலிருந்து நகர்ந்து பக்கத்து சீற்றுக்குப் போயிருந்தார். பெல்ட்டும் போட்டுவிட்டார்.

"நீங்கள் எடுங்கோ" என்றார். "எனக்கு இன்னும் நித்திரை முறியேல்லை."

டொக்டர் ஈஸ்டருக்குப் பிறகே அவன் கார் ஓடலாம் என்று சொல்லியிருந்தார். வீட்டில் அந்த அனுமதி அன்றைக்குத்தான் கிடைத்தது. செல்வம் ஏறினான். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினான். லண்டன் ரோட்டில் ஏறுவதற்குள் மனோ தூங்கிவிட்டார்.

முதல் ரவுண்டபவுட்டில் அவன் வேகம் குறைக்கவில்லை. இரண்டாவதிலும் குறைக்கவில்லை. மடியில் சைக்கிள் சில்லை அணைத்துக்கொண்டு பின் சீற்றில் நான் கண்ணை மூடினேன் — அந்த வீட்டில் பயப்படும் வேலை காலியாகிவிட்டது. யாராவது ஒருவர் பொறுப்பேற்கத்தானே வேண்டும்?